நேரலைப் பெரியப்பா

இந்த முறை பொய் சொல்லுவதென்றால் ஒழுங்காகச் சொல்லுவது என்று கனகலிங்கத்தார் தீர்மானம் எடுத்தார். இருபத்தேழு வருசக் குடும்ப வாழ்க்கையில் அவர் ராஜினிக்குச் சொன்ன பொய்களில் ஒன்றுகூட மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாக்குப் பிடித்ததில்லை. ஆயத்தம் போதாது என்பதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். ஆகவே ஒரு கிழமை ஆயத்தம் செய்தார்.

சங்கதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐந்துக்கும் பத்து ஐம்பதுக்கும் இடையில் சுபமுகூர்த்தம். கிளிநொச்சியில் ஒரு மண்டபம். பொம்பிளை கிருசாந்தி, ராஜினியின் தங்கச்சி வதனியின் மூத்த மகள். கனகலிங்கத்தார் முறைக்குப் பெரியப்பா. அதே ஞாயிறு, அதே நேரம், நியூசிலாந்தில் இலங்கை ஆடுகிற கிரிக்கெட் தொடரின் கடைசி இருபது ஓவர் ஆட்டம். ஆளுக்கு இரண்டு வெற்றி. இன்றைக்கு வென்றவனுக்குக் கோப்பை. அங்கே பின்னேரம், இங்கே காலை. இந்த இரண்டு நேரத்தையும் பொருத்திப் பார்த்து வைத்தவர் யாரோ, அவருக்குக் கனகலிங்கத்தாரில் தீராத கோபம் இருந்திருக்க வேண்டும்.

"போகாமல் விட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு அக்கராயனில், அவருடைய வீட்டில், ராஜினியோடு ஒரு நாள் இருந்து பாருங்கள்.

ராஜினிக்கும் வதனிக்கும் ஆறு வருசமாகக் கதைபேச்சு இல்லை. தாயின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், நூறு பேர் பந்தியில் இருக்க, "அக்கா, கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாது" என்று வதனி வாய் விட்டுவிட்டாள். சமைத்தவள் ராஜினி. அவ்வளவுதான். போர் நிறுத்தம் பேசப் போனவர்களெல்லாம் உப்பு வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். இப்போது கலியாணக் காட் போனில், வைபரில் வந்திருக்கிறது.

"வீட்டுக்கு வந்து வாய் திறந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் போகன்" என்றாள் ராஜினி. "நீங்கள் போங்கோ."

"நான் மட்டும் தனியப் போய் என்ன செய்யிறது?"

"சபையில இருங்கோ. மேடைக்கு ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்துங்கோ. இந்த வீட்டில இருந்து ஒருத்தர் அங்க நிக்கோணும். நிண்டால், எண்டைக்காவது நானும் அவளும் கதைக்க ஒரு வழி இருக்கும். ஒருத்தரும் போகாட்டி அதோட சரி. எனக்கு இருக்கிறது ஒரு தங்கச்சி."

கடைசி வசனத்தில் அவளின் குரல் உடைந்தது. கனகலிங்கத்தாருக்கும் மனம் ஒருமாதிரித்தான் போய்விட்டது. ஆனால் கோப்பை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"லைவும் போடுகினமாம். சுவிசில இருந்து உன்ர தம்பி அஜந்தன் விடிய எழும்பிப் பாக்கப் போறானாம். நீ பாப்பியோ?" என்று சும்மா ஒரு நூல் விட்டுப் பார்த்தார்.

"என்ர கண்ணாலயும் பாக்கன்!"

அந்த இடத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. ராஜினி மண்டபத்துக்கும் வரமாட்டாள். லைவும் பார்க்கமாட்டாள். அப்படியென்றால் பெரியப்பா மண்டபத்தில் இருந்தால் என்ன, பம்புக் கடையில் இருந்தால் என்ன?

பம்புக் கடை அவருடைய கூட்டாளி நடராசாவினுடையது. தண்ணிப் பம்பு திருத்துகிற கடை, மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர். ஞாயிறு பூட்டு. நடராசா கலியாணம் கட்டாதவன், அதனால் நாற்பத்தைந்து அங்குல ரீவி வைத்திருக்கிறான். திட்டம் மூன்று திரையில் நின்றது. ரீவியில் கிரிக்கெட். பம்புக்குப் பூசுகிற கிறீஸ் ரின்னில் சாத்திவைத்த நடராசாவின் போனில் கலியாண லைவ். கனகலிங்கத்தாரின் கையில் அவருடைய சொந்தப் போன், ராஜினி எடுத்தால் பேச.

ஒத்திகையும் பார்த்தார்கள். ராஜினியின் அழைப்பு வந்ததும் "கோல்!" என்று கனகலிங்கத்தார் கத்த, நடராசா ஒரு கையால் ரீவியின் குரல்வளையை நெரித்து, மறு கையால் கலியாணத்தின் சத்தத்தைத் திறந்துவிட வேண்டும். முதல் ஒத்திகைக்கு நாலு செக்கன். மூன்றாவது ஒத்திகையில் இரண்டு செக்கனுக்கு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பட்டு வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டோடு மோட்டச்சைக்கிளில் ஏறினார். ராஜினி படலை வரைக்கும் வந்தாள். "அவள் என்னைக் கேட்டால்…" என்று தொடங்கி, "ஒண்டுமில்லை, போட்டு வாங்கோ" என்று முடித்தாள். கனகலிங்கத்தார் அவளின் முகத்தைப் பார்க்காமல் கிக்கரை உதைத்தார்.

நியூசிலாந்து நூற்று எழுபது அடித்தது. இலங்கை துடுப்பெடுத்தாடத் தொடங்கியது. கடைக்குள் எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. இங்கே பந்து வீசுகிறவன் பந்தைக் கையில் எடுக்க முதலே எதிர்ப்பக்கத்துச் சலூனில் "ஓ!" என்று கூச்சல் கிளம்பியது. பிறகு ஒரு நிமிசம் கழித்து இங்கே விக்கெட் விழுந்தது.

"இதென்னடா அநியாயம்? சலூன்காரனுக்குச் சாத்திரம் தெரியுமோ?"

"அவனுக்கு டிஸ் அன்ரனா, அண்ணை. ஆகாயத்தால நேர வருது. எங்களுக்கு இன்ரர்நெட்டால. அது ஊரெல்லாம் சுத்தி வர ஒரு நிமிசம் பிந்தும்."

"அப்ப லைவ் எண்டுறது?"

"லைவ்தான். ஆனால் பழைய லைவ்."

சலூன்காரன் எதிர்காலத்தில் வாழுவதைக் கனகலிங்கத்தாரால் தாங்க முடியவில்லை. சட்டரை முழுக்க இறக்கச் சொன்னார். உள்ளே இருட்டும் புழுக்கமும் டீசல் மணமும். பட்டு வேட்டி உடம்போடு ஒட்டியது.

பத்து மணிக்கு முதல் கோல். நடராசா இரண்டு செக்கனில் வேலையை முடித்தான்.

"இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்?"

"இதென்ன கேள்வி? மண்டபத்திலதான். சத்தம் கேக்கேல்லையோ?"

"கேக்குது, கேக்குது. எங்க இருக்கிறியள்?"

"மூண்டாவது வரிசை. காத்தாடிக்குக் கீழ."

"பக்கத்தில ஆர்?"

கனகலிங்கத்தார் போன் திரையைக் கண் இடுக்கிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் முள்ளியவளை மயில்வாகனத்தாரின் வழுக்கை மினுங்கியது. "எங்கட மயில்வாகனம் அண்ணை."

"ஓ. வதனி என்ன மாதிரி? உங்களோட கதைச்சவளோ?"

இங்கேதான் மனிசன் தேவையில்லாமல் ஒரு படி மேலே ஏறினார். பொய்க்குக் கொஞ்சம் நெய் ஊற்றினால் மணக்கும் என்று நினைத்தார். "கதைச்சவளோவோ? என்னைக் கண்டவுடன ஓடி வந்திட்டாள். 'அத்தான், அக்கா வரேல்லையோ' எண்டு கேட்டாள். கண் கலங்கிப் போச்சு பிள்ளைக்கு."

மறுபக்கத்தில் ராஜினியின் குரல் தணிந்தது.

"திருப்பிச் சொல்லுங்கோ. என்ன கேட்டவள்?"

"'அக்கா வரேல்லையோ' எண்டு."

ஏதோ ஒரு சத்தம் வந்தது. அழுகையோ சிரிப்போ தெரியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டது மாதிரி இருந்தது. பிறகு போன் வைபட்டது. பாவி, இதைப் போய்ப் பொய்யாகச் சொன்னாயே என்று கனகலிங்கத்தாருக்கு நெஞ்சு சுட்டது. நடராசா ரீவியின் சத்தத்தைக் கூட்டினான். ஒரு நாலு போனது. நெஞ்சு ஆறிவிட்டது.

பதினாலு ஓவர் முடிந்தது. முப்பத்தாறு பந்துக்கு ஐம்பத்தெட்டு. கலியாணத் திரையில் கூறைச் சேலை உடுத்த கிருசாந்தி மெல்ல மெல்ல மணவறைக்கு நடந்து வருகிறாள். இரண்டாவது கோல்.

போனைக் காதில் வைத்ததும் கனகலிங்கத்தார் திடுக்கிட்டார். அந்தப் பக்கம் கெட்டிமேளம் வெளுத்து வாங்கியது.

"அங்க என்ன மேளச் சத்தம்?"

"மனம் கேக்கேல்லையப்பா" என்றாள் ராஜினி. "நானும் லைவைப் போட்டுட்டன். தாலி கட்டுறார், பாத்தியளோ?"

கனகலிங்கத்தார் கலியாணத் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய திரையில் பொம்பிளை இன்னும் நடந்துகொண்டிருந்தாள். ஆனால் மண்டபத்தில் இருக்கிற பெரியப்பா என்ன சொல்லுவார்?

"ஓமோம், கட்டுறார். வடிவாக் கட்டுறார்."

"லைவில உங்களைக் காணேல்லையே. மயில்வாகனம் அண்ணைக்குப் பக்கத்துக் கதிரை வெறுங்கதிரையாக் கிடக்குது."

"நான்… தூணுக்குப் பின்னால மாறியிட்டன். காத்தாடிக் காத்து ஒத்துவரேல்லை."

"ஒருக்கால் கமராவுக்கு முன்னால வந்து கையைக் காட்டுங்கோவன்."

"உனக்கு விசரே! தாலி கட்டுற நேரத்தில சபைக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய் நிக்கிறதே? அஜந்தன் சுவிசில இருந்து என்ன நினைப்பான்?"

"அதுவும் சரிதான். என்ன சாறி கட்டியிருக்கிறாள் வதனி?"

"பச்சை. மயில் கழுத்துப் பச்சை."

அந்த நேரம் பார்த்துக் கிறீஸ் ரின்னில் சாய்ந்திருந்த போனில் கிருசாந்தி மணவறையில் குந்த, மாப்பிள்ளை தாலியை எடுக்க, கெட்டிமேளம் கடையே அதிர வெடித்தது.

"என்னப்பா இது?" என்றாள் ராஜினி. "மாப்பிள்ளை இன்னொருக்காத் தாலி கட்டுறாரோ?"

கனகலிங்கத்தாரின் நெற்றியால் வேர்வை வழிந்து சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது. "மேளகாரர்… மேளகாரர் சந்தோசத்தில திருப்பி அடிக்கினம்."

"நல்ல மேளகாரர். சரி, அறுகரிசி போடேக்க மேடைக்கு ஏறுவியள்தானே. அப்ப நான் உங்களை வடிவாப் பாக்கிறன்."

போன் வைபட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணை, அறுகரிசிக்கு முதல் நீங்கள் அங்க நிக்காட்டி கதை கந்தல்."

"தெரியும். இன்னும் இருபது நிமிசம் கிடக்குது. ஆட்டமும் இருபது நிமிசம். கடைசி ஓவர் தொடங்க வெளிக்கிடுறன்."

"ஒண்டு விளங்கேல்லை எனக்கு" என்று நடராசா தலையைச் சொறிந்தான். "தாலி கட்டினதை அக்கா எங்களுக்கு முதலே எப்பிடிப் பாத்தவ?"

"போன் ரவர் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதானே. அதால அங்க கெதியா வருது."

நடராசா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் ஒரு விக்கெட் போய்விட்டது. கேள்வியும் அதோடு போய்விட்டது.

பதினெட்டாவது ஓவர். பத்தொன்பதாவது ஓவர். கனகலிங்கத்தார் மோட்டச்சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். நாற்காலியில் பாதி, வாசலில் பாதி. இந்த ஓவரோடு எழும்புவது. சரி, இந்தப் பந்தோடு எழும்புவது. ஆறு பந்துக்குப் பதின்மூன்று. எப்படி ஐயா எழும்புவது? அக்கராயனில் ஆறு வருசமாக அறுந்து தொங்குகிற சொந்தம் ஒரு பக்கம் அவரை இழுத்தது. நியூசிலாந்து மறுபக்கம் இழுத்தது. முதல் பந்து ஒன்று. இரண்டாவது பந்து நாலு. நாலு பந்துக்கு எட்டு.

மூன்றாவது கோல்.

"அறுகரிசி போடத் தொடங்கியிட்டினம். எழும்புங்கோ!" ராஜினியின் குரலில் அவசரம்.

கலியாணத் திரையில் ஐயர் இன்னும் அருந்ததி காட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் கனகலிங்கத்தார் தயங்கவில்லை. "எழும்பியிட்டன். வரிசையில நிக்கிறன்."

"முன்னால ஆர் நிக்கினம்?"

"மயில்வாகனம் அண்ணை."

"பின்னால?"

"பின்னால… ஆரோ ஒரு மனுசி."

"எப்பிடியான மனுசி?"

ரீவியில் பந்து வீசுகிறவன் ஓடத் தொடங்கிவிட்டான். "எனக்கென்ன தெரியும்? வயசு போன, குண்டான ஒரு மனுசி!"

"ஓ" என்றாள் ராஜினி. மிக மெல்லச் சொன்னாள். "சரி. போடுங்கோ அறுகரிசியை."

போன் வைபட்டது. நடராசா ரீவியின் சத்தத்தைக் கூட்டவில்லை. கிறீஸ் ரின்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை. அக்கா லைவ் பாத்தால், ரவர் என்ன, சந்திர மண்டலம் என்ன, பிந்தித்தான் வரும். அவ ஒரு நிமிசம் முந்திப் பாக்கிறா."

"அதுக்கு?"

"அவ லைவ் பாக்கேல்லை, அண்ணை."

ஒரு நிமிசம் முடிந்தது. திரையில் சனம் மேடைக்கு வரிசை கட்டியது. முன்னுக்கு மயில்வாகனத்தார். அவருக்குப் பின்னால், அலுமாரியில் பூட்டிக் கிடந்த மாம்பழக் கலர்ப் பட்டுச் சாறியில், ஒரு கையில் போனும் மறு கையில் வதனியின் கையுமாக, ராஜினி. அவளின் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. "எப்பிடியான மனுசி?" என்று அவள் கேட்பதைக் கனகலிங்கத்தார் கண்ணால் பார்த்தார். பிறகு அவள் முகம் மாறுவதையும் பார்த்தார்.

அடுத்து என்ன நடந்ததென்று அவருக்கே நினைவில்லை. சட்டர் எப்படித் திறந்தது, சைக்கிள் எப்படிக் கிளம்பியது, ஒன்றும் தெரியாது. ஏ ஒன்பது வீதியில் வேட்டி பறக்கப் போகும்போது சலூனிலிருந்து பெருங்கூச்சல் கேட்டது. சந்தோசக் கூச்சலா, சாவுக் கூச்சலா? நின்று கேட்க நேரமில்லை. ராஜினி ஊருக்கு முன்னால் என்ன சொல்லியிருப்பாள்? "என்ர மனுசன் பந்து பாக்கப் போட்டார்" என்றா? வதனி என்ன நினைப்பாள்? தமக்கையே வந்த பிறகு அத்தான் வராமல் விட்டது எவ்வளவு பெரிய அவமரியாதை! தன்னால் அந்த இரண்டு பேரும் திரும்பவும் பிரிந்தால்? கனகலிங்கத்தாருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வாழ்நாளில் இனிக் கிரிக்கெட்டே பார்ப்பதில்லை என்று கந்தசாமியாருக்கு நேர்ந்தார்.

மண்டப வாசலில் வதனிதான் முதலில் கண்டாள். ஓடி வந்தாள். கனகலிங்கத்தார் தலையைக் குனிந்தார்.

"ஐயோ அத்தான்! இந்த நிலைமையில உங்களை ஆர் மோட்டச்சைக்கிள் ஓடச் சொன்னது?"

"எந்த நிலைமை?"

"வெக்கப்படாதேங்கோ. அக்கா எல்லாம் சொன்னவ. விடியத் தொடக்கம் எட்டுத் தரமாமே, வயித்தாலடி? முகத்தைப் பாருங்கோ, என்னமாதிரி வேர்த்துப் போய் நிக்கிறார்! இஞ்ச வாங்கோ, கழிப்பறைக்குக் கிட்ட இருங்கோ."

"நான் காலமை எட்டரைக்கு அக்காவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தனான்" என்று வதனி தொடர்ந்தாள். "ரெண்டு பேரும் அழுதுபோட்டு வந்தனாங்கள். நீங்கள் முதலே வெளிக்கிட்டதெண்டா அக்கா. வந்து பாத்தால் ஆளைக் காணேல்லை. அக்காவுக்குத்தான் விசயம் விளங்கினது, வழியில எங்கேயோ இறங்கியிருப்பார், பாவம் எண்டு."

மூன்றாவது வரிசையில் மயில்வாகனத்தார் இடம் விட்டார். அவருடைய மடியில் சால்வைக்குக் கீழே போன். அவருக்குப் பின்னால் இருந்த இளந்தாரிகள் எல்லாருடைய மடியிலும் போன். "கடைசிப் பந்துக்குச் சிக்ஸ், கனகலிங்கம்! கோப்பை எங்களுக்கு! இஞ்ச இருந்து முழு ஆட்டமும் பாத்தனாங்கள். காத்தாடிக்குக் கீழ என்ன சுகம்! உனக்குத்தான் குடுத்து வைக்கேல்லை, இந்த வயித்தோட."

வதனியின் மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். லைவுக்குக் கீழே, விசயம் கேள்விப்பட்டு, உலகம் முழுக்க இருக்கிற சொந்தக்காரர் எழுதியிருந்தார்கள். முதலில் அஜந்தன்: "அத்தான், வெந்தயம் ஊறப்போட்ட மோர் குடியுங்கோ." அதற்குக் கீழே நாற்பத்திரண்டு கைவைத்தியங்கள்.

பந்தி தொடங்கியது. நெய்யும் பருப்பும் உளுந்து வடையும் மணந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்காத கனகலிங்கத்தார் இலைக்கு முன்னால் குந்தினார். குந்தியதும் ஒரு கை வந்து இலையை எடுத்தது. இன்னொரு கை வந்து தேசிக்காய் பிழிந்த, பால் விடாத பிளேன்ரீயை வைத்தது. "இது குடியுங்கோ, அத்தான். வேற ஒண்டும் வாயில வைக்காதேங்கோ" என்றாள் வதனி, அத்தனை அன்போடு.

ராஜினி வந்து பக்கத்தில் இருந்தாள். வடையை உடைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். கனகலிங்கத்தார் குனிந்து மெல்லக் கேட்டார்.

"ராஜினி, பிழைதான். அதுக்கு வேற நோய் வருத்தம் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"மனுசன் பந்து பாக்கப் போட்டார் எண்டு சொன்னால் வதனி என்னை இன்னொரு ஆறு வருசத்துக்குப் பாப்பாளோ? தலையிடி எண்டால் நம்பமாட்டாள். இதெண்டால் ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம்." அவள் பாயாசத்தை இழுத்துக் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"ஏலுமெண்டால் இப்ப எழும்பி, உண்மையைச் சபையில சொல்லுங்கோவன்."

அவர் எழும்பவில்லை. தேநீரை ஒரு மிடறு குடித்தார். புளித்தது.

"சரி, நீ சொன்னது நல்லதுக்குத்தான். நாளையோட மாறியிட்டுது எண்டு சொல்லிவிடு."

"அதெப்பிடி?" என்றாள் ராஜினி. "வயசு போன குண்டு மனுசிக்கு அப்பிடிக் கெதியாப் பொய் வராது. நாலாம் நாள் சடங்கு விருந்துக்குக் கிடாய் அடிக்கினமாம். அது முடியும்வரைக்கும் உங்களுக்குக் கஞ்சிதான் எண்டு ஏற்கெனவே சொல்லிப்போட்டன்."